தாய் நண்டைக் காப்போம்

தறியோசை ஓயாத அம்மையார்குப்பத்திற்கும் கடற்கரை நண்டிற்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வினவக்கூடும். தொடர்பு உண்டு. பள்ளிப்பட்டு வழியே பாயும் கொசஸ்தலை ஆறு, பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலக்கின்றது. அக்கழிமுகமும், அதற்கு வடக்கேயுள்ள பழவேற்காடு ஏரியும் சேற்று நண்டின் உறைவிடங்கள். ஆறு சுமந்து செல்லும் நன்மையும் தீமையும் இறுதியில் அந்நண்டையே சென்றடைகின்றன.

படைத்தவரின் ஞானம் இச்சிற்றுயிரிலும் விளங்குகின்றது. கழிமுகச் சேற்றிலும் அலையாத்தி மரங்களின் வேர்களிடையேயும் வளரும் பெண் நண்டு, சினை முற்றியதும் கடலை நாடிச் செல்கின்றது. பல இலட்சம் முட்டைகளைத் தன் வயிற்று மடலின்கீழ் சுமந்து காக்கின்றது. பொரித்த குஞ்சுகள் பலமுறை உருமாறி, மீண்டும் கழிமுகத்திற்குத் திரும்புகின்றன. இலட்சங்களில் மிகச் சிலவே பிழைக்கும். ஆகவே ஒரு தாய் நண்டு அழிந்தால் ஒரு தலைமுறைக்கே இழப்பாகும்.

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வாழும் தென்னை நண்டினை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கின்றது. சேற்று நண்டிற்கு அத்தகைய காவல் இல்லை. அது உணவுப் பொருள்; ஏழை மீனவரின் வருவாய். இதனிடையே நிலக்கரிச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தைத் தூர்த்து வந்துள்ளது. 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தில் எண்ணெய்க் கழிவும் அங்கே பரவியது. வலைகளும் படகுகளும் கறைபட்டு, மீனவர் பலர் தொழிலிழந்து வாடினர்.

சேற்றில் ஒளிந்து வாழும் நண்டை எண்ணுவது எங்ஙனம்? ஒரேவகைப் பொறிகளைக் குறித்த இடங்களில் வைத்து, ஒரு பொறிக்கு எத்தனை அகப்பட்டன எனக் கணக்கிடுவர். பிடிபட்ட நண்டின் ஓட்டு அகலம், எடை, ஆணா பெண்ணா, சினையுண்டா என்பவற்றைப் பதிவு செய்வர். வயிற்று மடல் குறுகியிருப்பின் ஆண், அகன்றிருப்பின் பெண். ஆண்டுக்காண்டு அளவு சிறுத்து, சிறு நண்டுகளே மிகுந்தால், வளருமுன் பிடிக்கப்படுகின்றன என்பதே பொருள். 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இத்தகைய ஆய்வுகளை நடத்தி வருகின்றது. அறிஞரின் அளவுகோலுக்கு மீனவரின் பட்டறிவும் துணை நிற்கவேண்டும். முறைவைத்து மீன்பிடிக்கும் பழவேற்காட்டுப் ‘பாடு’ வழக்கமே, பொதுச்செல்வத்தைப் பகிர்ந்துண்ணும் பண்பு அவர்களுக்குப் புதிதன்று எனக் காட்டுகின்றது.

கூட்டில் முட்டையோடு இருக்கும் தாய்ப் பறவையைப் பிடிக்கலாகாது என்று இணைச்சட்ட நூல் (22:6-7) விதிக்கின்றது. அவ்விதி நண்டிற்கும் பொருந்தாதோ? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலும், பூமியை நம் பொது இல்லமாகப் பேண அழைக்கின்றது.

தவக்கால வெள்ளிகளில் புலால் விலக்கும் நம் இல்லங்களில் நண்டு இடம்பெறுவதுண்டு. சந்தையில் முட்டை சுமந்த நண்டையும் சின்னஞ்சிறு நண்டையும் வாங்க மறுப்போம். வாங்குவாரின்றேல் பிடிப்பார் குறைவர். ஆற்றில் கழிவு கொட்டாதிருப்போம். நாம் காணாத கடலோரத்துச் சகோதரனின் அடுப்பெரிய, அதுவும் ஓர் அறச்செயலே.