பனியாற்றின் அடிப்பிடி

மண்ணச்சநல்லூருக்கு வடகிழக்கே ஊட்டத்தூர், காரை பக்கம் போனால், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கடலின் அடிமண் வெயிலில் காய்ந்து கிடக்கும். இந்தத் திருச்சிப் பாறைகளை முறையாக ஆராய்ந்து 1862-ல் எழுதியவர் ஹென்றி பிளான்போர்டு. அதற்கு முன்பே, 1856-ல், அவரும் அண்ணன் வில்லியமும் புவியியலாளர் தியோபால்டும் ஒடிசாவின் தால்ச்சேரில் நுண்மண்ணுக்குள் பெரும்பாறைகள் புதைந்திருப்பதைக் கண்டு, பனிக்கட்டிதான் இவற்றைக் கொண்டுவந்திருக்க வேண்டும் என்றார்கள். வெயில் கொளுத்தும் நாட்டில் அப்படிச் சொல்லத் தனித் துணிவு வேண்டும். 1870-களில் இன்றைய மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே, இரை என்ற ஊரில், கீறல் விழுந்து மெருகேறிய பாறைத்தளம் கிடைத்தது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பனியாறு உரசிப் போன தடம் அது.

அந்த உராய்வுதான் இன்று உலகக் கடலோரங்களின் கவலை. கடலில் போய் முடியும் பனியாற்றைப் பின்னால் இழுத்துப் பிடிப்பவற்றில் முக்கியமானது அடிநிலத்தின் பிடி. அடியில் நீர் சேர்ந்து அதன் அழுத்தம் கூடினால், பனியின் எடையில் ஒரு பங்கை நீரே தாங்கிவிடும்; பிடி தளரும். பனி வேகமெடுக்கும், நீண்டு மெலியும். மெலிந்த பகுதி தரையைவிட்டு மிதக்கத் தொடங்கும். மிதக்கும் இடத்தில் அடியுராய்வே கிடையாது என்பதால் எஞ்சிய பனி இன்னும் விரைகிறது.

இதற்கு நேர்மாறும் உண்டு. மேற்கு அன்டார்க்டிகாவின் காம்ப் பனியாறு, அடியில் நீர் குறைந்து பிடி இறுகியதால், சுமார் 150 ஆண்டுகளுக்கு முன் கீழ்ப்பகுதியில் ஏறக்குறைய நின்றேபோனது. பக்கத்து வில்லன்ஸ் இன்னும் வியப்பானது. மணிக்கணக்கில் அசையாமல் நின்றுவிட்டு, அரை மணி நேரத்துக்குள் அரை மீட்டர் அளவுக்கு வழுக்கிப் பாயும். பெரும்பாலும் நாளுக்கு இரு முறை, கடலின் ஏற்றவற்றத்தை ஒட்டி.

அதிகம் அஞ்ச வேண்டியது த்வெய்ட்ஸ் பனியாற்றை. அதன் அடிநிலம் கடல்மட்டத்துக்குக் கீழே, உள்ளே போகப் போக ஆழமாகிறது. அந்தப் பனியாறு முழுதும் கரைந்தால் உலகக் கடல் 60 சென்டிமீட்டருக்கு மேல் உயரும். ஆனால் எவ்வளவு விரைவில்? வேகம் கூடக்கூட உராய்வும் கூடிக்கொண்டே போகும் என்பது ஒரு கணக்கு. ஓர் அளவுக்கு மேல் அது கூடுவதில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது சரியென்றால் பனி இழப்பு பொதுவாக விரைவாகும். கிலோமீட்டர் கணக்கில் தடித்த பனிக்கு அடியில் எல்லா இடத்திலும் போய்ப் பார்க்க வழியில்லாததால், மேற்பரப்பின் வேகத்தைச் செயற்கைக்கோளால் அளந்து, அடியுராய்வைப் பின்னோக்கிக் கணிக்கிறார்கள். நாகப்பட்டினத்திலும் வேதாரண்யத்திலும் கடலோரக் கரையை எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பதை முடிவுசெய்யும் பொறியாளருக்கு அந்தக் கணக்கு வேண்டும்.