கடைசிச் சொல் யாருடையது?

ஐக்கிய நாடுகள் சபையில் சேர 1948இல் இலங்கை விண்ணப்பித்தபோது சோவியத் ஒன்றியம் குறுக்கே நின்றது. இந்த நாடு உண்மையிலேயே சுதந்திரம் பெற்றுவிட்டதா என்பது அது கிளப்பிய சந்தேகம். பனிப்போர்க் கால வம்பு என்று அதை ஒதுக்கிவிடலாம். 1955 டிசம்பரில் வேறு பல நாடுகளோடு சேர்த்து இலங்கையையும் உள்ளே விட்டபோது அந்தச் சந்தேகம் எப்படித் தீர்ந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கேள்வி அசட்டுத்தனமானது அல்ல. 1948 பிப்ரவரி 4இல் கொடி மாறிய பிறகும் திருகோணமலையில் பிரிட்டிஷ் கடற்படை இருந்தது. கட்டுநாயக்கவில் பிரிட்டிஷ் விமானப்படை இருந்தது. இரண்டும் 1957இல்தான் இலங்கையின் கைக்கு வந்தன. நாட்டின் தலைவராகப் பிரிட்டிஷ் முடி தொடர்ந்தது. சுதந்திர இலங்கை இயங்கிய சோல்பரி அரசமைப்பு லண்டனில் பிறப்பிக்கப்பட்ட அரச ஆணை. கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்கு மேலே லண்டன் பிரிவி கவுன்சில் உட்கார்ந்திருந்தது.

இவையெல்லாம் வெறும் அலங்காரம், உண்மையான அதிகாரம் கொழும்பில்தானே இருந்தது என்று சொல்பவர்கள் 1962 சதி வழக்கைப் பார்க்க வேண்டும். ஆட்சியைக் கவிழ்க்க முயன்றதாகக் காவல்துறை, ராணுவ அதிகாரிகள் பலர் அந்த ஜனவரியில் கைதானார்கள். அவர்களைத் தண்டிப்பதற்கென்றே பாராளுமன்றம் முன்தேதியிட்டு ஒரு சட்டம் செய்தது. விசாரிக்கும் நீதிபதிகளை அமைச்சரே தேர்ந்தெடுக்கலாம் என்றுகூட அதில் எழுதியது. 11 பேருக்குப் பத்தாண்டு சிறை. 1965 டிசம்பரில் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டமே செல்லாது என்று சொல்ல, எல்லோரும் விடுதலையானார்கள். விசித்திரம் என்னவென்றால், இலங்கைப் பாராளுமன்றம் பிரிட்டனுக்குக் கட்டுப்பட்டதல்ல, முழு இறைமை உடையது என்று அதே தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் அதை ஒப்புக்கொள்ளும் இடம் லண்டனாக இருந்தது! ஒரு நாட்டின் சுதந்திரத்தை அளக்க எனக்குத் தெரிந்த நம்பகமான அளவுகோல் இதுதான்: தகராறு முற்றும்போது கடைசிச் சொல்லை யார் சொல்கிறார்கள்?

இந்தியா இதில் முன்கூட்டியே உஷாராக இருந்தது. பிரிவி கவுன்சிலுக்கான மேல்முறையீட்டை 1949இலேயே நிறுத்தியது. அரசமைப்பை மன்னரின் ஒப்புதலுக்கு அனுப்பவில்லை. தனக்குச் சுதந்திரம் வழங்கிய 1947ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தை 395ஆம் பிரிவில் தானே ரத்து செய்தது. கொடுத்தவன் கையெழுத்தில் நம் உரிமை நிற்கக் கூடாது என்ற ரோஷம். இலங்கை அதே காரியத்தை 1970இல் தொடங்கியது. சிறுபான்மைச் சமூகங்களைப் பாதிக்கும் சட்டங்களைத் தடுக்கும், சோல்பரி அரசமைப்பின் 29ஆவது பிரிவை மாற்றவே முடியாது என்று பிரிவி கவுன்சில் 1964இல் ஒரு வழக்கில் கருத்துச் சொல்லியிருந்தது. எனவே உறுப்பினர்கள் பாராளுமன்றக் கட்டடத்தை விட்டு வெளியேறி, கொழும்பு ராயல் கல்லூரியின் நவரங்கஹல அரங்கில் அரசியல் நிர்ணய சபையாகக் கூடினார்கள். பழைய ஆணையின் வழியே வராத புது அதிகாரம் என்று காட்டுவதற்காகவே அந்த இடமாற்றம். 1972 மே 22இல் அங்கேயே குடியரசு பிறந்தது. ஆனால் மொழி பற்றிய கோரிக்கை மறுக்கப்பட்டதால் தமிழரசுக் கட்சி முந்தைய ஆண்டே அந்த அரங்கிலிருந்து வெளியேறியிருந்தது. புதிய அரசமைப்பில் சிங்களம் ஆட்சிமொழி, பௌத்தத்துக்கு முதன்மை இடம். பழைய 29ஆவது பிரிவு காணாமல் போயிற்று.

அப்படியானால் லண்டனே மேல் என்று ஆகிவிடாதா? ஆகாது. அந்தப் பிரிவு உயிரோடு இருந்த காலத்தில், மலையகத் தமிழருக்கு அது எதைக் காப்பாற்றியது? சுதந்திரம் கிடைத்த அதே 1948இல் வந்த குடியுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது, தகப்பன் வழியிலும் இங்கே பிறந்ததற்குச் சான்று வேண்டும் என்றது. பிறப்புப் பதிவுத் தாளையே கண்ணால் பார்த்திராத லயன் குடும்பங்கள் எதைக் கொண்டுபோய்க் காட்டும்? சுமார் 7 லட்சம் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்களானார்கள். அடுத்து வந்த சட்டத்தில் வாக்குரிமையும் போனது. கோடாகன் பிள்ளை வழக்கில் 29ஆவது பிரிவைக் காட்டி பிரிவி கவுன்சிலிடம் முறையிட்டார்கள். யார் தன் குடிமக்கள் என்று தீர்மானிப்பது எந்த நாட்டுக்கும் இயல்பான உரிமை என்று 1953இல் அது கைவிரித்தது. சதி செய்ததாகச் சொல்லப்பட்ட அதிகாரிகளைப் பின்னாளில் மீட்ட அதே மன்றம், கொழுந்து பறித்தவர்களை மீட்கவில்லை. ஆக, வெளியார் காவல் நம்பத்தக்கதல்ல. கடைசிச் சொல் வீடு வந்து சேர்வதும் அதில் எல்லோருக்கும் பங்கு கிடைப்பதும் ஒன்றல்ல. முதலாவது கிடைத்ததைக் காட்டி இரண்டாவதும் கிடைத்துவிட்டதாகப் பேசுவது அரசுகளுக்கு வசதியான பழக்கம்.

இதற்குச் சாட்சியாக இலங்கை, இந்தியப் பிரதமர்கள் 1964 அக்டோபரில் கையெழுத்திட்ட சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்றே போதும். நாடற்றவர்களாக 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று இரண்டு சுதந்திர அரசுகளும் பிரித்துக்கொண்டன. மிச்சம் 1,50,000 பேரைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்து, 1974இல் பாதிக்குப் பாதியாகப் பங்கிட்டன. எந்தப் பக்கம் போக விருப்பம் என்று அந்த மக்களிடம் கேட்டு அல்ல இந்த எண்கள் வந்தன. இலங்கையில் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறியபோது, நாடு 55 சுதந்திர தினங்களைக் கொண்டாடி முடித்திருந்தது.