மலை காத்த அறநூல்

தென்கொரிய நாட்டின் தென்பகுதியில் 1,430 மீட்டர் உயர்ந்து நிற்பது கயா மலை. புத்தர் பெருமான் மெய்யறிவு பெற்ற கயையின் பெயரே இதற்கு இடப்பட்டது என்பர் சிலர். அப்பகுதியில் முன்னாளில் விளங்கிய கயா அரசின் பெயர் என்பர் வேறு சிலர்.

இம்மலைச் சாரலில் 802ஆம் ஆண்டு துறவியர் இருவர் எடுப்பித்த கோயில் ஹேஇன்சா. புத்தம், தன்மம், சங்கம் என்னும் மும்மணிகளுள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோயிலைக் கொரியப் பௌத்தர் சிறப்பாகப் போற்றுவர். தோங்தோசா புத்தருக்கும், சொங்வாங்சா சங்கத்துக்கும் உரியவை. தன்மத்துக்கு உரியது ஹேஇன்சா. திரிபிடகம் முழுவதையும் சீன எழுத்தில் தாங்கிய 81,258 அச்சுப்பலகைகள் அங்கே இருப்பதே காரணம்.

பதினோராம் நூற்றாண்டில் செதுக்கத் தொடங்கிய முதற்பலகைகள் 1232இல் மங்கோலியர் படையெடுப்பில் எரிந்தன. கொரியர் சோர்ந்துவிடவில்லை. அறநூலைப் பொறித்தால் பகை நீங்கும் என்று நம்பி, போருக்கு இடையிலேயே மீண்டும் செதுக்கி, 1251இல் பணியை நிறைவு செய்தனர். சுகி என்னும் துறவி, பழைய கொரியப் பதிப்பையும் சீனப் பதிப்பையும் கித்தானியர் பதிப்பையும் ஒப்புநோக்கிப் பிழை களைந்தார். நாடு பின்னர் மங்கோலியர்க்குப் பணிய நேர்ந்தது, நூலோ நிலைத்தது.

1398இல் பலகைகள் மலைக்கு வந்தன. பதினைந்தாம் நூற்றாண்டில் எழுந்த பலகை மண்டபங்களின் அமைப்பு வியக்கத்தக்கது. முன்சுவரில் கீழ்ச்சாளரம் பெரிது, மேற்சாளரம் சிறிது. பின்சுவரில் இம்முறை மாறி அமைந்துள்ளது. இதனால் மலைக்காற்று உள்ளே புகுந்து, பலகைகளிடையே சுழன்று, வெளியேறுகிறது. தரையில் இட்ட கரியும் உப்பும் சுண்ணாம்பும் ஈரத்தை ஈர்த்துக்கொள்கின்றன. 1970களில் புதுமுறைக் கட்டடம் ஒன்றை எழுப்பிச் சில பலகைகளை வைத்துப் பார்த்தனர். அவை பழுதுற்றமையால், பழைய மண்டபமே போதும் என முடிவு செய்தனர்.

கோயிலின் பிற கட்டடங்கள் பன்முறை தீக்கிரையானபோதும் இம்மண்டபங்கள் தப்பின. கொரியப் போரின்போது, 1951இல், அங்குப் பதுங்கியிருந்த எதிர்ப்படையினர்மீது குண்டு வீசுமாறு ஆணை பிறந்தது. விமானப்படை அதிகாரி கிம் யங்ஹுவான் கோயிலின்மீது குண்டு வீச மறுத்துவிட்டார். 1995இல் யுனெஸ்கோ இம்மண்டபங்களை உலக மரபுச் செல்வமாக ஏற்றது.

செதுக்கிய தச்சனும், பிழை திருத்திய துறவியும், காற்றின் போக்கறிந்து மண்டபம் கட்டியவனும், குண்டு வீச மறுத்த வீரனும் சேர்ந்தே இந்நூலைக் காத்தனர். அவருள் ஒருவர் தவறியிருப்பினும் கயா மலையில் இன்று வெறுங்கூடமே எஞ்சியிருக்கும்.