புல்தரைக்கு நீர் விடாத நகரம்

மழை பொய்த்த ஆண்டில் ஊருக்கு ஒரு விதி பிறக்கும். இன்ன கிழமையில்தான் தோட்டத்திற்கு நீர் விடலாம், இன்ன நாழிகைக்கு மேல் மடை திறந்திருக்கலாகாது என்று எழுதிப் பலகையில் ஒட்டிவிடுவது எளிது. ஒட்டியதை எல்லோரும் கைக்கொள்ளும்படி செய்வதே அரிது. தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப் டவுன் நகரம் 2015 முதல் 2018 வரை இந்தச் சோதனையில் அகப்பட்டுத் தப்பியது. அங்கே முதலில் தடைக்கு உள்ளானது வீட்டு முன்றிலில் வளர்க்கும் புல்தரை. நெருக்கடி முற்றியபோது நகரத்திற்குக் கைகொடுத்தவர்களுள் பழத்தோட்ட விவசாயிகளின் சங்கம் ஒன்றும் உண்டு. ஆதலின் இவ்வரலாறு நம் அங்கத்தினர்கள் அறியத்தக்கது எனக் கருதி இங்கே எழுதுகிறோம்.

கேப் டவுனுக்கு மழை குளிர்காலத்தில் வருவது. மே முதல் ஆகஸ்டு வரை பெய்வதை ஆறு பெரிய அணைகளில் தேக்கிக்கொண்டு, வறண்ட கோடையைக் கடக்க வேண்டும். அவற்றுள் தீவாட்டர்ஸ்க்ளூஃப் என்னும் அணை ஒன்றே மொத்தக் கொள்ளளவில் பாதிக்கு மேற்பட்டது. இதே அணைத் தொகுதியிலிருந்துதான் நகரத்தார் குடிக்கிறார்கள்; சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் திராட்சையும் ஆப்பிளும் பயிரிடுவோர் பாய்ச்சுகிறார்கள். 2015, 2016, 2017 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அடுத்தடுத்து மழை குன்றியது. நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவையென அறிவிக்கப்பட்டதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வசதியுள்ளோர் வாழும் பகுதிகளில் வீட்டைச் சுற்றிப் புல்தரை வளர்ப்பது அந்நகரத்து வழக்கம். கோடையில் அதனைப் பசுமையாக வைத்திருக்க நாள்தோறும் நீர் தூவ வேண்டும். 2015-ஆம் ஆண்டுத் தொடக்கத்துக் கோடையில் நகரம் நாளொன்றுக்குச் செலவிட்ட நீர் ஏறக்குறைய 120 கோடி லிட்டர். தகரக் கொட்டகைகளில் வாழும் ஏழை மக்களோ தெருக்குழாயில் பிடித்துச் சுமந்து செல்பவர்கள். அவர்கள் குடியிருப்புகள் அனைத்தும் சேர்ந்து எடுத்தது நூற்றில் 5 பங்கிற்கும் குறைவு. ஆகவே சிக்கனம் யாரிடம் தொடங்க வேண்டும் என்பதில் ஐயம் இல்லை.

2016 நவம்பரில் தோட்டத்திற்கு ரப்பர்க் குழாயாலும் தூவு கருவியாலும் நீர் விடுவது தடுக்கப்பட்டது. வாளியால் மொண்டு ஊற்றலாம் என்றனர். 2017 பிப்ரவரியில் அதுவும் செவ்வாய், சனி ஆகிய இரு நாட்களுக்குள் அடங்கியது. ஜூன் மாதம் முதல் நகராட்சிக் குடிநீரைத் தோட்டத்திற்கு விடுவதே விலக்கப்பட்டது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்றிருந்த அளவு 87 ஆயிற்று. 2018 பிப்ரவரியில் 50 ஆயிற்று. ஐம்பது லிட்டர் என்பது நம் வீட்டுக் குடத்தால் ஏறக்குறைய நான்கு குடம். நம் கிராமங்களில் கோடையில் இதனினும் குறைவாகக் கொண்டு காலம் தள்ளும் குடும்பங்கள் உண்டு என்று சிலர் புன்னகை புரியக்கூடும். நான்கு குடத்தில் வாழ்வதற்கும், ஒரு பெருநகரம் முழுவதும் ஒரே ஆண்டில் நான்கு குடத்திற்கு இறங்குவதற்கும் வேற்றுமை இருக்கிறது.

முதலில் மக்கள் இறங்கவில்லை. 2018 ஜனவரியில் நகரத் தலைவர் பத்திரிகையாளரிடம் பேசியபோது, குடியிருப்போரில் பத்துப் பேருக்கு ஆறு பேர் விதித்த அளவை மீறுகிறார்கள் என்று வருந்தினார். அதே மாதம் ‘பூஜ்ய நாள்’ என்னும் சொல் ஊர் முழுதும் பரவிற்று. அணைகளின் இருப்பு 13.5 விழுக்காட்டிற்கு இறங்கினால், வீட்டுக் குழாய்கள் பெரும்பாலும் மூடப்படும். மக்கள் ஏறத்தாழ 200 இடங்களில் வரிசையில் நின்று ஆளுக்கு 25 லிட்டர் பெற்றுச் செல்ல வேண்டும். அந்த நாள் ஏப்ரலில் வரும் எனக் கணித்திருந்தனர்.

இத்தனை எச்சரிக்கைக்குப் பின்னும் மீறியவர் எல்லோரையும் கெட்டவர் என்று நாம் சொல்ல மாட்டோம். நீரின் அளவு சுவருக்கு அப்பால் தெரிவதில்லை. ‘எதிர்வீட்டான் விடாமலா இருப்பான், நான் மட்டும் ஏன் என் செடியைக் காய விட வேண்டும்?’ என்ற ஐயம் ஒரு தெருவைப் பிடித்துக்கொண்டால், அபராதச் சீட்டு அதை விரட்டாது. கடன் சங்கங்களில் நாம் காண்பதும் இதுவே. பெரிய தவணை ஒன்றைக் கேளாமல் விட்டுவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்த மறு மாதம், அதுவரை ஒழுங்காகக் கட்டிவந்த சிறு நெசவாளிகூட நாணயத்தைச் சற்றுத் தளர விடுகிறார்.

நகராட்சி இந்த ஐயத்தைப் போக்க இரு வழிகளைக் கையாண்டது. 2017-இன் தொடக்கத்தில், மிகுதியாக நீர் செலவிட்ட வீடுகள் எந்தத் தெருக்களில் உள்ளன என்று நூறு பெயர்களை வெளியிட்டது. அது நாணச் செய்யும் வழி. 2018 ஜனவரியில் வெளியிட்டது ஒரு நிலப்படம். மாதம் 6,000 லிட்டருக்குள் நிற்கும் வீட்டின் மேல் ஒரு பச்சைப் புள்ளி. 10,500 லிட்டருக்குள் நிற்கும் வீட்டின் மேல் வேறு சாயலில் ஒரு பச்சைப் புள்ளி. அதற்கு மேற்பட்டோருக்குப் புள்ளியே இல்லை. ஒருவர் வீட்டுக் கணக்கைப் பிறர் காணச் செய்வது முறையா என்று எதிர்ப்பும் எழுந்தது. ஆனால் இரண்டாவது வழியே மேலானது என்பது நம் கருத்து. முன்னது மீறினவர்களைக் காட்டி, ஊரே மீறுகிறது என்ற எண்ணத்தையும் சேர்த்து வளர்த்தது. பின்னது, அடக்கிக்கொண்டவர் தனியாக இல்லை என்பதை அவர் கண்ணுக்கே காட்டிற்று. பொதுக்குழுவில் நிலுவைதாரர் பட்டியலை மட்டும் வாசித்து அமரும் செயலாளர்கள், ஒழுங்காகக் கட்டினவர் இத்தனை பேர் என்பதையும் ஒருமுறை வாசித்துப் பார்க்கலாம்.

மீறிய வீடுகளில் நகராட்சி ஒரு கருவியைப் பொருத்தியது. நாளொன்றுக்கு 350 லிட்டர் சென்றதும் அது குழாயை அடைத்துவிடும்; பின் மறுநாள்தான் நீர் வரும். நால்வர் உள்ள வீட்டிற்கு ஆளுக்கு 87 லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். எட்டுப் பேர் உள்ள வீட்டிற்கு 44 லிட்டர்கூட இல்லை. விதித்த ஐம்பதுக்கும் அது குறைவு. ஏழைகள் வாழும் பகுதிகளில் ஒரே மீட்டரின் கீழ் வீட்டுக்காரரும், கொல்லைப்புறத்தில் குடியிருப்போருமாக இரண்டு மூன்று குடும்பங்கள் இருப்பது உண்டு. அங்கெல்லாம் இக்கருவி அநியாயமாகவே இருந்தது. ஆட்கணக்கைச் சான்றுடன் காட்டி அளவை உயர்த்திக்கொள்ள வழி இருந்தது என்பது உண்மை. ஆனால் மனு எழுதவும் சான்று தேடவும் அலையவும் யாருக்கு நேரம் இருக்கும் என்பதை அலுவலகத்தில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் எண்ணுவதில்லை.

மறுபக்கம், பொருள் உள்ளவர்கள் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டிக்கொண்டார்கள். குடிநீரைத்தான் விடக்கூடாது, நிலத்தடி நீரை விடலாம் அல்லவா? வாயிலில் ‘ஆழ்துளைக் கிணற்று நீர்’ என்று ஒரு பலகை, உள்ளே பச்சைப் பசேலென்ற புல். விதிக்கு இதில் ஊறு இல்லை. ஆயினும் குளித்த நீரைத் தொட்டியில் பிடித்துக் கழிப்பறைக்கு ஊற்றிக்கொண்டிருந்த அண்டை வீட்டார் அந்தப் புல்லைக் கண்டு என்ன நினைத்திருப்பர்? அடியிலுள்ள நீரும் பொதுவானதே என்று உணர்ந்து, 2018-இல் அதற்கும் நாளும் நேரமும் வரையறுத்தனர். ஓராண்டு முன்னரே செய்திருக்க வேண்டிய காரியம்.

இனி விவசாயிகளைப் பற்றி. 2017–18 பருவத்தில் நகரங்களின் பங்கு 45 விழுக்காடு குறைக்கப்பட்டது. பாசனப் பங்கோ 60 விழுக்காடு குறைக்கப்பட்டது. காய்கறி நிலங்கள் பல விதைக்கப்படாமல் கிடந்தன; முதிர்ந்த தோப்புகளைச் சிலர் பிடுங்கினர். நகரத்துப் புல் காய்ந்தால் அடுத்த மழையில் தழைக்கும். பழமரம் காய்ந்தால் மறுபடி பலன் காண ஆண்டுகள் பல ஆகும். அத்தகைய வேளையில், எல்கின் பள்ளத்தாக்கில் ஆப்பிளும் பேரியும் விளைவிப்போரின் குரூன்லாந்து நீர்ப்பயனர் சங்கம், தங்கள் அணையில் சேர்த்துவைத்திருந்த நீரிலிருந்து ஏறக்குறைய 1,000 கோடி லிட்டரை 2018 பிப்ரவரியில் நகரத்தின் ஸ்டீன்பிராஸ் அணைக்குத் திறந்துவிட்டது. நகரத்தின் அன்றைய செலவுக்கு அது சுமார் இருபது நாள் நீர். விலை பெறாமல் கொடுத்தனர்.

இதனைத் தனி மனிதர் ஒருவரின் ஈகையாக மட்டும் காண்பது போதாது. சங்கம் இருந்தது, சங்கத்திற்கு அணை இருந்தது, இன்னாருக்கு இவ்வளவு என்ற கணக்கு இருந்தது. ஆதலால் தங்கள் பருவத்திற்கு எவ்வளவு வேண்டும், எவ்வளவு மிஞ்சும் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. கணக்கில்லாத கண்மாயில் நீர் மிஞ்சினாலும், மிஞ்சியதென்று எவரும் ஒப்ப மாட்டார்.

2018 மார்ச்சுக்குள் நகரத்தின் நாட்செலவு 50 கோடி லிட்டரை ஒட்டி வந்துவிட்டது. பூஜ்ய நாள் ஏப்ரலிலிருந்து மே மாதத்திற்கும், பின்னர் அதற்கு அப்பாலும் தள்ளிப்போய், இறுதியில் கைவிடப்பட்டது. அவ்வாண்டுக் குளிர்காலத்தில் மழை ஓரளவு பெய்தது. 2020-இல் அணைகள் நிரம்பின.

கணக்குப் பகுதியைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. நீர் விற்பனை பாதியாகக் குறைந்தால் நகராட்சியின் வருவாயும் குறையும். குழாய், பம்பு, ஊழியர் செலவு குறைவதில்லை. வறட்சித் தீர்வை ஒன்று விதிக்க எண்ணியபோது பல்லாயிரக்கணக்கான ஆட்சேப மனுக்கள் வந்து குவிந்தன; 2018 ஜனவரியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அவ்வாண்டு ஜூலை முதல், வீட்டிற்கு வரும் இணைப்புக் குழாயின் அளவைப் பொறுத்து, செலவிட்ட நீருக்கு அப்பாற்பட்ட நிலையான கட்டணம் ஒன்று சேர்க்கப்பட்டது. மிச்சம் பிடித்ததற்கு எங்களுக்குத் தண்டமா என்று பச்சைப் புள்ளி பெற்ற வீட்டார் கேட்டனர். நியாயமான கேள்வி. சிக்கனம் செய்யுமாறு வேண்டும்போதே, சிக்கனத்தால் வரும் துண்டு எங்கிருந்து நிரப்பப்படும் என்பதையும் அதே கூட்டத்தில் சொல்லியிருந்தால் இந்த மனக்கசப்பு பாதியாவது குறைந்திருக்கும்.

இவ்வளவு கசப்பிற்குப் பின்னும், அணைகள் நிரம்பிய ஆண்டில் அந்நகரத்தார் 2015-இல் செலவிட்ட அளவுக்குத் திரும்பவில்லை. வீடுகள் பலவற்றில் புல் இருந்த இடத்தில் அந்நாட்டு மலைச்சரிவுகளில் தானே வளரும் சிறு புதர்கள் நிற்கின்றன. வேர்பிடித்த பின் அவற்றிற்கு வாளி நீரும் அதிகம் தேவைப்படுவதில்லை.