காந்தத் திரவத்தினுள்ளே

தாளொன்றில் இரும்புத் தூளைத் தூவி, கீழே சட்டக் காந்தத்தை வைத்தால் தூள் கோடு கோடாக அமைவதைக் கீழ் வகுப்புகளிலேயே பார்த்திருக்கிறோம். அதே தூளை எண்ணெயில் இட்டால் சற்று நேரத்தில் அடியில் படிந்துவிடும். ஆனால், படியாமல் மிதந்துகொண்டிருந்து, காந்தம் அருகே வந்ததும் அணிவகுக்கும் துணிக்கைகளும் உண்டு. அவற்றைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

1963 இல் நாசா நிறுவனத்தின் ஸ்டீவ் பேப்பல் இத்தகைய திரவத்தை உருவாக்கினார். எடையற்ற விண்வெளியில் ரொக்கட்டின் எரிபொருள் தாங்கியின் வாயிலுக்குத் தானாக வந்து சேராது. அதைக் காந்தத்தால் இழுக்கலாம் என்பதே அவரது எண்ணம். அதற்காக மக்னடைட்டு எனும் இரும்பு ஒட்சைட்டை மிக நுண்ணிதாக அரைத்துத் திரவத்தில் கலந்தார்.

இத்தகைய துணிக்கையொன்றின் விட்டம் ஏறத்தாழ 10 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றர் நீளத்தில் இலட்சம் துணிக்கைகளை வரிசையாக வைக்கலாம்! ஒவ்வொன்றும் தனியொரு காந்தம். திரவ மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் ஓயாது மோதி அவற்றை உலுக்குவதால் அவை படிவதில்லை. பிரௌனியன் அசைவு என்பது இதுதான்.

காந்தப் புலத்தைக் கொடுத்ததும் துணிக்கைகள் ஒரே திசைக்குத் திரும்புகின்றன. ஒன்றின் வடமுனை முன்னாலுள்ளதன் தென்முனையை ஈர்க்கிறது. அருகருகே சமமாக நிற்பவையோ ஒன்றையொன்று தள்ளுகின்றன. ஆகவே புலத்தின் திசையில் சங்கிலிகள் உருவாகின்றன. யாரும் அடுக்கி வைப்பதில்லை.

எல்லாத் துணிக்கைகளும் இப்படிச் சேர்வதில்லை. தொட்டு நிற்கும் இரு துணிக்கைகளின் விட்டத்தை இரட்டித்தால், அவற்றுக்கிடையேயான ஈர்ப்பின் சக்தி எட்டு மடங்காகும். வெப்பத்தின் உலுக்கலோ மாறாது. மக்னடைட்டில் 10 நனோமீற்றர் அளவில் இரண்டும் ஏறக்குறையச் சமபலம். அதைவிடச் சற்றுப் பெரியவை எளிதில் சங்கிலியாகும். மிகப் பெரியவை புலத்தை நீக்கினாலும் பிரியாமல் கட்டியாகிவிடும்.

சேர்வதைவிடப் பிரிவதே கடினமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்குத்தான் ஒலெயிக் அமிலத்தைப் பூசுகிறார்கள். அதன் மூலக்கூறு தலையால் துணிக்கையைப் பற்றிக்கொண்டு, சுமார் 2 நனோமீற்றர் நீள வாலை வெளியே நீட்டுகிறது. இரு துணிக்கைகள் நெருங்கும்போது வால்கள் இடையில் நின்று தடுக்கின்றன.

உடலினுள்ளே இத்தடுப்பு இன்னும் முக்கியமானது. எம்.ஆர்.ஐ. படம் தெளிவாகத் தெரிவதற்காக இரும்பு ஒட்சைட்டு நனோதுணிக்கைகளை நாளத்தினுள் செலுத்துவதுண்டு. அங்கே எண்ணெயுமில்லை, ஒலெயிக் அமிலமும் உதவாது. குருதியோடு ஒத்துப்போகும் டெக்ஸ்ட்ரான் போன்ற வெல்லச் சங்கிலிகளால் அவற்றைப் போர்த்துகிறார்கள். அப்போர்வை விலகித் துணிக்கைகள் கட்டியானால், மயிர்த்துளைக் குழாய்கள் அடைபட்டுப் போகலாம்.