நான்கு மூலைகளின் எடை

எடைமேடையின் நான்கு மூலைகளிலும் சுமை உணரிகள் பொருத்தப்படுகின்றன. நெல்மூட்டையை எங்கு வைத்தாலும் எடை மாறலாகாது. மாறினால் உழவரோ வணிகரோ இழப்பை ஏற்க நேரும்.

சுமையால் உணரியின் உலோகம் நுண்ணளவு வளைய, அதில் ஒட்டிய மெல்லிய இழையின் மின்தடை மாறுகிறது. வீட்ஸ்டோன் சமனச்சுற்று அதனைச் சில மில்லிவோல்ட் மின்னழுத்தமாகத் தருகிறது. நுண்கட்டுப்படுத்தி நேரே அளக்க அது போதாது. ஆகவே, இடையில் எச்எக்ஸ்711 என்னும் சில்லு அதனை 128 மடங்கு பெருக்கி, 24 பிட் எண்ணாக மாற்றுகிறது.

நான்கு உணரிகளையும் பக்க இணைப்பில் சேர்த்தால் ஒரு சில்லே போதும். செலவு குறைவுதான், ஆயினும் கிடைப்பது சராசரி. உணர்திறன்கள் சமமில்லையேல் மூட்டையின் இடத்திற்கேற்ப எடை மாறும்; பழுதுற்ற உணரி எதுவென்றும் புலப்படாது. தனித்தனிச் சில்லுகளே நம்பகமானவை. அவற்றிற்குக் கடிகாரக் கம்பி பொதுவாகலாம். தரவுக் கம்பிகள் தனித்திருக்கவேண்டும். ஒவ்வோர் உணரியின்மீதும் படிக்கல் வைத்துத் திருத்தக்காரணி கண்ட பின்னரே நிரல் நான்கையும் கூட்டவேண்டும்.