குளிர்ந்த கடலோரத்தில் ஓய்வு



விடுமுறைக்குக் கடற்கரை என்றால் நமக்கெல்லாம் போர்ட்டிக்சன்தான் நினைவுக்கு வரும். காலையில் பஸ் பிடித்துப் போனால் பிள்ளைகள் மாலை வரை நீரிலேயே கிடப்பார்கள். அங்கே கடல் எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். நடுக் கோடையிலும் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார வேண்டிய கடற்கரையும் உலகில் உண்டு. அமெரிக்காவின் மேற்கே, பசிபிக் மாக்கடலை ஒட்டிய ஓரிகன் மாநிலத்தின் கரை அப்படிப்பட்டது. ஏறத்தாழ 580 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கரைக்கு மக்கள் பெரும்பாலும் நீந்தப் போவதில்லை. நடக்கவும், பார்க்கவும், சும்மா இருக்கவும் போகிறார்கள்.

ஜூலை மாதத்தில் அந்த மாநிலத்தின் பெரிய நகரமான போர்ட்லண்டில் பகல் வெப்பம் 27 டிகிரி செல்சியசை எட்டும். அங்கிருந்து காரில் ஒன்றரை மணி நேரம் மேற்கே போனால், கடலோரத்தில் ஏறத்தாழ 18 டிகிரிதான். கடல்நீரோ 10 முதல் 13 டிகிரி. இது ஏன்?

கோடையில் அங்கே வடக்கிலிருந்து காற்று கரையை ஒட்டி வீசுகிறது. உலகம் சுழல்வதால், காற்று தள்ளும் மேல்நீர் நேராகத் தெற்கே போகாமல் வலப்புறம் திரும்பிக் கரையை விட்டு விலகுகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. வெயிலில் கிடந்த தொட்டியின் மேல்நீரைக் கையால் ஒதுக்கினால் அடிநீர் சில்லென்று மேலே வருமல்லவா, அதைப் போல. ஆழ்கடல் நீரில் உரச்சத்தும் அதிகம். அதை உண்டு நுண்ணிய பாசிகள் பெருகுகின்றன. பாசியை நம்பிச் சிற்றுயிர்கள், சிற்றுயிர்களை நம்பி மீன்கள், மீன்களை நம்பிப் பறவைகள். ஈரக்காற்று அந்தக் குளிர்நீர்மேல் படும்போது மூடுபனி எழுந்து கரையை மறைத்துவிடும்.

கரையோரப் பாறைகள் பலவும் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானவை. கேனன் பீச் என்ற சிற்றூரின் மணலில், வைக்கோற்போர் போல ஒரு பாறை 72 மீட்டர் உயரம் நிற்கிறது. பெயரும் வைக்கோற்போர்ப் பாறைதான். கடல் வற்றும் நேரத்தில் அதன் அடிவரை நடந்து போகலாம். பள்ளங்களில் தேங்கிய நீரில் நட்சத்திர மீன்களும் கடற்சாமந்திகளும் தெரியும். பாறை உச்சியில் பஃபின் என்னும் பறவைகள் வசந்தத்தில் வந்து, மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. ஆனால் கடலுக்கு முதுகு காட்டி நிற்கக் கூடாது. அமைதியாக இருக்கும்போதே திடீரென ஒரு பேரலை ஏறி வந்து ஆளை இழுத்துவிடும்.

இந்தக் கரை எல்லாருக்கும் உரியதாக இருப்பது தானாக நடந்ததன்று. 1913-இல் ஆஸ்வால்ட் வெஸ்ட் என்ற ஆளுநரின் முயற்சியால், அலை தொடும் ஈரமணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று சட்டமானது. மேலே உள்ள காய்ந்த மணலைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. 1966-இல் கேனன் பீச்சில் ஒரு விடுதிக்காரர், தம் விருந்தினருக்கு மட்டும் என்று காய்ந்த மணலில் வேலி போட்டார். ஆண்டாண்டாக எல்லாரும் நடந்த பாதையில் ஒருநாள் வேலி நின்றால் எப்படி இருக்கும் என்று தோட்டத்தில் வாழும் நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஆளுநர் டாம் மெக்கால் ஹெலிகாப்டரில் கடற்கரைக்கே போய், எதுவரை பொதுமணல் என்று அளந்து காட்டச் செய்தார். 1967 ஜூலையில் புதிய சட்டம் கையெழுத்தானது.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போனது. மக்கள் தொன்றுதொட்டு இடைவிடாமல் அந்த மணலைப் பயன்படுத்தி வந்திருக்கிறார்கள், அந்த வழக்கமே அவர்களுக்கு உரிமை என்று 1969-இல் தீர்ப்பு வந்தது.

இன்று அங்கே கரையை ஒட்டி விலையுயர்ந்த விடுதிகள் இருக்கின்றன. அறை எடுத்தவர் படியிறங்கி வருகிறார். வீட்டிலிருந்து ரொட்டி கட்டிக்கொண்டு வந்தவர் பொதுப் பாதை வழியாக வருகிறார். இருவரும் உட்காருவது ஒரே மணலில்.